விற்பனைக்கு வராமலே நின்றுபோன மெர்சிடீஸ் மாதிரி வண்டிகள்: அந்த உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது?

சூளகிரி_தகடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓசூர் சிப்காட் பகுதியில் தகடு வேலை செய்யும் ஒரு சிறு பட்டறையில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பெரிய நிறுவனங்கள் புதிதாக ஒரு வண்டியை உருவாக்கும்போது, முதலில் ஓட்டிப் பார்க்கும் சில வண்டிகளுக்கு வேண்டிய பாகங்களை எங்களைப் போன்ற பட்டறைகளிடம் செய்யக் கொடுப்பார்கள். தகட்டை அழுத்தி வடிவம் தரும் எஃகு அச்சான பெரிய டை எதுவும் இருக்காது. லேசரில் வெட்டி, மென்மையான அச்சில் அழுத்தி, மீதியைக் கையால் தட்டி வளைவுக்குக் கொண்டுவந்து, அளவு சரிபார்த்து அனுப்புவோம்.

அப்படி ஒரு வண்டிக்காக நாங்கள் பதினான்கு மாதங்கள் உழைத்தோம். பின்கதவின் உள்தகட்டை மட்டும் ஒன்பது முறை மாற்றிச் செய்தேன். பிறகு ஒரு நாள், திட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று ஒரே வரியில் தகவல் வந்தது. எங்களுக்கு வரவேண்டிய பணம் முழுவதும் வந்துவிட்டதால் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வண்டிகளை நசுக்கி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் என் கதவோடு அந்த வண்டி ஒரு நாள் போகும், என் பிள்ளையிடம் கைகாட்டிச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகுதான் இப்படி நின்றுபோன வண்டிகளைப் பற்றித் தேடித்தேடிப் படிக்கத் தொடங்கினேன். மெர்சிடீஸ் பென்ஸ் நிறுவனத்தின் சி111 என்ற வண்டியின் படத்தைப் பார்த்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. நம் பக்கத்துச் செந்தூரா மாம்பழம் நன்கு பழுத்தால் என்ன நிறமோ அந்த நிறம். பறவை இறகை விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். 1969 முதல் பத்தாண்டுகள் அதன் மீது வேலை செய்துவிட்டு, ஒரு வண்டியைக்கூட வாடிக்கையாளருக்கு விற்கவில்லை.

என் கேள்விகள் இரண்டு. இவ்வளவு தூரம் கொண்டுவந்த வண்டியை ஏன் விற்காமல் விட்டார்கள்? அதில் கற்றது பின்னால் வந்த வண்டிகளுக்கு உண்மையாகவே போய்ச் சேர்ந்ததா, அல்லது நிறுவனங்கள் ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்ளும் பேச்சா? தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

டூல்ரூம்_ஓசூர் எழுதியது:

தம்பி, ஒன்பது முறை மாற்றிச் செய்த கதவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் டைகளைச் செய்யும் டூல்ரூமில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

சி111 வண்டியின் நோக்கமே அதன் எஞ்சின்தான். பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதற்குப் பதிலாக, முக்கோண வடிவமுள்ள சுழலி ஒன்று நீள்வட்டம் போன்ற அறைக்குள் சுற்றிவரும் வான்கெல் எஞ்சினை உருவாக்கும் உரிமத்தை டைம்லர் பென்ஸ் 1961இல் பெற்றிருந்தது. அதிர்வு மிகக் குறைவு, எடை குறைவு, சிறிய உருவத்தில் பெரிய திறன் என்பதால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் பலரும் எதிர்காலம் இதில்தான் இருக்கிறது என்று நம்பினார்கள். கார் உருவாக்கப் பிரிவின் பொறுப்பில் ருடால்ஃப் ஊலன்ஹவுட் இருந்தார்; வடிவம் புரூனோ சாக்கோவின் கைவண்ணம். 1969இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் மூன்று சுழலிகளும் 280 குதிரைத்திறனும் கொண்ட முதல் வண்டியை வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஜெனீவாவில் நான்கு சுழலிகளோடு 350 குதிரைத்திறன் உள்ள வண்டி வந்தது. அது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடியது. தொகையை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலைகளை நிறுவனத்துக்கு அனுப்பி, எவ்வளவு வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்று கொடுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு.

அப்படியிருந்தும் விற்காததற்கு எஞ்சினே காரணம். வான்கெல் எஞ்சினில் எரிபொருள் எரியும் இடம் நீண்டும் மெலிந்தும் இருக்கும். சுழலியோடு சேர்ந்து அது நகர்ந்துகொண்டும் இருக்கும். சுவரின் பரப்பு மிகுதியாக இருப்பதால் வெப்பம் சுவருக்குப் போய்விடுகிறது. ஓரங்களில் பெட்ரோல் எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. சுழலியின் மூன்று முனைகளிலும் கசிவைத் தடுக்க உள்ள சீல்கள் தேய்ந்தால் அழுத்தம் நிற்காது. அமெரிக்காவில் 1970இல் காற்று மாசுச் சட்டம் கடுமையானது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலை அதிகம் குடித்து, அதில் ஒரு பகுதியை எரியாமலே புகையோடு விடும் எஞ்சினை அந்த நேரத்தில் நட்சத்திரச் சின்னம் வைத்து விற்க எந்தப் பொறுப்புள்ள பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார்.

இன்னொன்றையும் நம் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்ல வேண்டும். சி111இன் மேலுடல் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கால் ஆனது. எஃகுத் தளத்தின் மீது அதை ஒட்டி ரிவெட் அடித்திருந்தார்கள். அதாவது பிரஸ் டை போடாமல் செய்த வண்டி. ஒரு கதவுக்கு நிரந்தர டை வெட்டுவது என்றால் எத்தனை டன் எஃகு, எத்தனை மாத வேலை, எவ்வளவு பணம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த டைக்கு ஆர்டர் கையெழுத்தாகும் நாள்தான் ஒரு வண்டி உண்மையாகவே பிறக்கும் நாள் என்று நான் எப்போதும் என் பையன்களிடம் சொல்வேன். அதற்கு முன்னால் நாம் செய்வது எல்லாம் அந்த முடிவை எடுப்பதற்கான விசாரணை. உங்கள் ஒன்பது கதவுகளும் அந்த விசாரணைக்கான சாட்சியங்கள். எட்டாவது கதவில் என்ன குறை கண்டீர்கள் என்பது உங்கள் கைக்குத் தெரியும். அது இரும்புக்குப் போகவில்லை.

அரூர்_டீசல் எழுதியது:

டூல்ரூம் ஐயா வான்கெல் எஞ்சினோடு நிறுத்திவிட்டார். எனக்கு அதற்குப் பின்னால் நடந்ததுதான் உயிர். நான் அரூரில் டீசல் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு என் பட்டறைத் தரையிலிருந்தே பதில் சொல்ல முடியும்.

எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்த மாம்பழ நிற வண்டியை மூலையில் போட்டுத் துணி மூடியிருக்கலாம். ஆனால் அவர்கள் வான்கெல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு டீசல் எஞ்சினை உட்காரவைத்தார்கள். அதுவும் எது? 1974 முதல் தங்கள் 240டி 3.0 காரில் போட்டுக்கொண்டிருந்த ஐந்து சிலிண்டர் எஞ்சின், ஓஎம் 617. காரில் அது 80 குதிரைத்திறன்தான் கொடுக்கும். டீசல் என்றாலே டாக்சிக்கும் டிராக்டருக்கும் உரியது, புகையும் சத்தமும் தவிர அதில் ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்த காலம் அது. அந்த எஞ்சினுக்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவும், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் வைத்து 190 குதிரைத்திறனுக்கு உயர்த்தினார்கள்.

1976 ஜூன் மாதம் இத்தாலியின் தெற்கே நார்டோ என்ற இடத்தில், ஏறத்தாழ பன்னிரண்டரை கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் அந்த வண்டியை ஓட்டினார்கள். நான்கு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்ட, 60 மணி நேரம், இரவும் பகலும், சராசரியாக மணிக்கு 252 கிலோமீட்டர் வேகம். 16 உலகச் சாதனைகள் அந்த ஒரே ஓட்டத்தில் பதிவாயின. அவற்றில் 13 டீசல் வண்டிகளுக்கானவை, மீதி 3 எந்த எஞ்சினாக இருந்தாலும் செல்லுபடியாகும் சாதனைகள். ஒரு டீசல் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் இரண்டரை நாள் அந்த வெப்பத்தில் கேஸ்கெட் விடாமல் நின்றது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. டர்போ போட்ட எஞ்சினில் பிஸ்டன் தலையும் வால்வும் எவ்வளவு சூடாகும், எண்ணெய் எப்படித் தண்ணீராகிவிடும் என்பது கழற்றிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

1978இல் சி111இன் மூன்றாவது வடிவம் வந்தது. இம்முறை உடலையே காற்றுக்காக நீளமாகவும் ஒடுக்கமாகவும் மாற்றி, வெள்ளி நிறத்தில், 230 குதிரைத்திறன் டீசலோடு அதே நார்டோவில் 12 மணி நேரம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரியில் ஓட்டி, 9 சாதனைகள் படைத்தார்கள். 1979இல் நான்காவது வடிவத்தில் இரட்டை டர்போ வைத்த பெட்ரோல் வி8 எஞ்சினோடு ஹான்ஸ் லீபோல்ட் மணிக்கு 403.978 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். என் மனம் அந்த வி8 பக்கம் போகவில்லை; டீசல் பக்கமே இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த 60 மணி நேர ஓட்டம் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1978இல், அதே ஓஎம் 617 எஞ்சினை டர்போவோடு 300 எஸ்டி என்ற காரில் போட்டு அமெரிக்காவில் விற்றார்கள். டர்போ டீசல் எஞ்சினோடு விற்பனைக்கு வந்த முதல் கார் அதுதான். குதிரைத்திறன் 190 இல்லை, 115 அளவில்தான் இருந்தது. வாடிக்கையாளர் கையில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டுமே. எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நார்டோவில் கண்ட பிறகு எங்கே நிறுத்துவது என்பதைத் தெரிந்துகொண்டார்கள் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இதைவிட நெருக்கமான ஒன்றையும் சொல்கிறேன். ஐந்து சிலிண்டர் ஓஎம் 617க்கு நான்கு சிலிண்டர் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அது ஓஎம் 616. ஒரே சிலிண்டர் அமைப்பு, ஒரே முன்னறை எரிப்பு முறை. ஒரு சிலிண்டர்தான் குறைவு. 1980களில் நம் நாட்டில் பஜாஜ் டெம்போ நிறுவனம், அதாவது இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், அந்த ஓஎம் 616 எஞ்சினை உரிமம் பெற்று உருவாக்கி டிராக்ஸ் வண்டியிலும் டிராவலர் வேனிலும் வைத்தது. சித்தேரி மலைக்கும் அஞ்செட்டிப் பக்கத்துக்கும் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு போய்வந்த டிராக்ஸ் வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் எத்தனை எஞ்சின்களை நான் பிரித்துக் கோத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த எஞ்சினின் உடன்பிறப்பு நார்டோவில் இரண்டரை நாள் நிற்காமல் ஓடியது என்பதை ஒரு ஜெர்மன் கையேட்டின் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்ட அன்று, பட்டறையில் கிடந்த எஞ்சின் பிளாக்கைத் துடைத்து வைத்தேன்.

காவேரிப்பட்டணம்_பெங்களூரு எழுதியது:

மேலே எழுதிய இருவரையும் மதித்தே ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். நான் பெங்களூருவில் வாகன மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். நின்றுபோன எல்லா வண்டியும் வேறொரு வண்டியாகப் பிறந்துவிட்டது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வான்கெல் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக அவர்கள் செலவிட்ட ஆண்டுகளிலிருந்து ஒரு மெர்சிடீஸ் வான்கெல் கார்கூட விற்பனைக்கு வரவில்லை. அந்தச் சுழலிகளை வடித்தவர்களுக்கு, அந்தச் சீல்களோடு போராடியவர்களுக்கு, அரூர் அண்ணன் சொன்ன டீசல் கதை எந்த அளவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்?

இன்னும் வருத்தமான ஒன்று சி112. 1991இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அதைக் காட்டியபோது, 6 லிட்டர் வி12 எஞ்சின், 408 குதிரைத்திறன், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் என்று எல்லாம் இருந்தன. 700 பேர் வாங்க முன்பதிவு செய்தார்கள். சி111க்கு எஞ்சின் தடையாக இருந்தது. சி112க்கு அப்படித் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. எஞ்சினும் ஆயத்தம், வாங்குபவர்களும் ஆயத்தம், இருந்தும் வேண்டாம் என்று நிறுவனம் முடிவு செய்தது. தகடு தட்டியவருக்கு இந்த இரண்டாவது வகை நிறுத்தம்தான் அதிகம் வலிக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் நேர்மையாக இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சி112இல் ஏபிசி என்ற அமைப்பு இருந்தது. வளைவில் திரும்பும்போது உடல் ஒரு பக்கம் சாய்வதையும், பிரேக் போடும்போது மூக்கு தாழ்வதையும், ஹைட்ராலிக் அழுத்தத்தைக் கணினி நொடிக்கு நொடி மாற்றித் தடுக்கும் சஸ்பென்ஷன் அது. 1999இல் சிஎல் காரில் அதே ஏபிசி விற்பனைக்கு வந்துவிட்டது. 1996இல் பாரிஸில் காட்டிய எஃப்200 வண்டியில் ஸ்டியரிங் சக்கரமே கிடையாது. விமான ஓட்டியின் கைப்பிடி போன்ற ஒன்றால் ஓட்ட வேண்டும். அந்தக் கைப்பிடி இன்றுவரை எந்த மெர்சிடீஸ் விற்பனைக் காரிலும் வரவில்லை. 2005இல் பெட்டிமீனின் உடலைப் பார்த்துச் செய்த பயோனிக் கார் காற்றுத் தடையை 0.19 என்ற அளவுக்குக் குறைத்துக் காட்டியது. அந்த மீன் வடிவத்தை யாரும் கடையில் வாங்க முடியவில்லை. எது தங்கும், எது போகும் என்று செய்கிறபோது யாருக்கும் தெரிவதில்லை. உங்கள் மனம் கனத்தது நியாயம் என்பதற்காகவே இதை எழுதினேன்.

தொப்பூர்_லாரி எழுதியது:

நான் இரண்டு லாரி வைத்திருப்பவன். கார் கண்காட்சியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இதே நிறுவனம் செய்து விற்காமல் விட்ட வேறொரு வரிசை வண்டிகளைப் பற்றி இங்கே யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். அவற்றின் பெயர் ஈஎஸ்எஃப், பாதுகாப்புச் சோதனை வண்டிகள். 1971 முதல் 1975 வரை முப்பதுக்கும் மேற்பட்டவற்றைக் கட்டினார்கள். 1971இல் காட்டிய ஈஎஸ்எஃப் 05 என்பது, சுவரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும் உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்டது. அதற்காகச் சேர்த்த பாகங்களால் எடை 600 கிலோவுக்கு மேல் கூடிவிட்டது. பார்க்கவும் அழகாக இருக்காது. 1973இல் வந்த ஈஎஸ்எஃப் 22இல் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும், மோதும் கணத்தில் சீட் பெல்ட்டை இறுக்கும் கருவியும் இருந்தன.

அந்த அசிங்கமான வண்டிகள் ஒன்றும் விற்கப்படவில்லை. ஆனால் 1978இல் எஸ் கிளாஸ் காரில் மின்னணு ஏபிஎஸ் பிரேக் வந்தது. 1980களின் தொடக்கத்தில் காற்றுப்பை வந்தது. நம் நாட்டில் புதிய கார்கள் அனைத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி 2019 ஏப்ரலில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநர் காற்றுப்பையும் கட்டாயமானது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஏபிஎஸ் எல்லா வண்டியிலும் முன்னமே இருந்திருந்தால் அங்கே எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும். எனக்கு சி111ஐவிட அந்த முப்பது வண்டிகள்தான் பெரியவை.

அரூர்_டீசல் எழுதியது:

லாரி அண்ணன் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் மட்டும். ஏபிஎஸ் என்பது பிரேக் போட்டவுடன் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கிறது; மழையில், திருப்பத்தில், ஸ்டியரிங் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடப்பது பெரும்பாலும் வேறு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும்போது டிரம்மும் லைனிங்கும் காய்ந்து பிடிப்பே இல்லாமல் போகிறது. சூடேறிய லைனிங்கை ஏபிஎஸ் காப்பாற்றாது. ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் அங்கே வழி. முன்னால் லாரி நிற்பதைக் கண்டு அவசரமாக பிரேக் போடும் காருக்கு ஏபிஎஸ் உதவும்; அந்த அளவில் அண்ணன் சொன்னது சரி.

சூளகிரி_தகடு எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணன்கள் அனைவருக்கும் நன்றி. காவேரிப்பட்டணம் அண்ணன் எழுதியதைத்தான் மூன்று முறை படித்தேன். எல்லாம் நல்லதற்கே என்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஏற்றிருக்காது.

டூல்ரூம் ஐயா எட்டாவது கதவைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அதில் பூட்டு உட்காரும் குழிவின் மூலையில் தகடு மெலிந்து கீறல் விட்டது. மூலையின் ஆரத்தை இரண்டு மில்லிமீட்டர் கூட்டி, தகட்டை இரண்டு கட்டமாக இழுத்த பிறகு ஒன்பதாவதில் கீறல் வரவில்லை. சென்ற வாரம் வேறொரு நிறுவனத்தின் வேன் கதவு வந்தபோது, வரைபடத்தில் அதே மூலையைப் பார்த்ததும் முதலிலேயே ஆரத்தைக் கூட்டிக் கேட்டேன், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இதை எழுதும்வரை இரண்டையும் நான் சேர்த்து நினைக்கவில்லை.

அரூர் அண்ணனிடம் ஒரு கேள்வி. முன்னறை எரிப்பு என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி இருக்கும் என்று படத்தில் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாதா?

அரூர்_டீசல் எழுதியது:

போகாது, தம்பி. நாசிலிலிருந்து வரும் டீசல் ஹெட்டுக்குள் இருக்கும் சிறு குடுவை போன்ற அறையில் முதலில் பற்றும். அங்கிருந்து சிறு துளைகள் வழியாகத் தீ சிலிண்டருக்குள் பாயும். அதனால்தான் சத்தம் கொஞ்சம் மென்மையாக இருக்கும், காலையில் ஹீட்டர் பிளக் சூடேறும்வரை காத்திருக்கவும் வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய டிராக்ஸின் ஹெட்டைக் கழற்றுகிறேன். பட்டறை காலை ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும். வாருங்கள், அந்த அறையை எடுத்து உங்கள் கையில் கொடுக்கிறேன். முடிந்தால் அந்த ஒன்பதாவது கதவின் வரைபடத்தையும் கொண்டுவாருங்கள். எனக்கும் பார்க்க ஆசையாக இருக்கிறது.